சாரலில் காட்டுச் செடிகளைப் படம் எடுத்தால் இலையெல்லாம் வெள்ளையாக வருகிறது. என்ன செய்யலாம்?

சாரல்வழி (செங்கோட்டை)

வணக்கம். செங்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஸ்கூட்டரில் நாலு கிலோமீட்டர். வழி நெடுக வேலி, வாய்க்கால் கரை, அங்கங்கே பாறை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்து விழ ஆரம்பித்ததும் அது வேறு பாதையாகிவிடும். மே மாதம் வெறும் முள்ளாகக் கிடந்த வேலியில் கண்வலிக் கொடி ஏறிப் பூத்திருக்கும். வாய்க்கால் ஓரம் கானாவாழை நீலம் நீலமாக விரியும். பாறை இடுக்கில் காசித்தும்பை.

மூன்று சீசனாக இவற்றைப் படம் எடுக்கிறேன். நம்ம பாதையில் என்னென்ன செடி இருக்கிறது என்று ஒரு பெரிய அட்டையில் ஒட்டிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது ஆசை. ஆனால் மழையில் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் உதவவில்லை. இலை முழுக்க வெள்ளையாகப் பளபளக்கிறது, பச்சையே தெரியவில்லை. பூ காற்றில் ஆடிக் கலங்கிவிடுகிறது. படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் வேறு.

மழை விட்ட பிறகு எடுங்கள் என்று பலர் சொல்லிவிட்டார்கள். சில நாட்களில் காலையில் பிடித்த சாரல் இரவு வரை விடாது. அதோடு, எனக்கு அந்தச் செடிகளை மழையோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். நானும் பிள்ளைகளும் அவற்றைப் பார்ப்பதே மழையில்தான்.

கையில் இருப்பது அண்ணன் கொடுத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, அதனுடன் வந்த 18-55 லென்ஸ், ஒரு கைபேசி. நிறையச் செலவு செய்ய முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலையடிவாரம் (வால்பாறை)

டீச்சர், உங்கள் லென்ஸே போதும். ஜூமை 55-இல் வைத்துக் கிட்டே போனால் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம் படத்தில் நிறையும். காட்டுப்பூவுக்கு அது தாராளம்.

முதலில் அந்த வெள்ளை. அது இலையின் நிறம் இல்லை, வானம். நனைந்த இலை கண்ணாடி மாதிரி. மேகம் மூடிய வானத்தை அப்படியே திருப்பிக் காட்டுகிறது. இதற்கு போலரைசர் என்று ஒரு வடிகட்டி உண்டு. லென்ஸ் முன்னால் திருகிக்கொண்டு மெல்லச் சுழற்றினால், ஒரு இடத்தில் அந்தப் பளபளப்பு வடிந்து அடியில் இருக்கும் பச்சை எழுந்து வரும். முதல் தடவை பார்க்கும்போது நம்பவே முடியாது. லென்ஸ் முன்பக்கம் வட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட ஒரு குறியும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்குரிய அளவில் கேட்டு வாங்குங்கள்.

இலையை நேர் மேலிருந்து பார்த்தால் போலரைசர் ஒன்றும் செய்யாது. சாய்வாகப் பார்க்க வேண்டும். நீர்ப்பரப்புக்குச் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 53 டிகிரி சாய்வில் அதன் வேலை உச்சத்தில் இருக்கும். அதற்கு விலையும் உண்டு. ஒன்று முதல் இரண்டு ஸ்டாப், அதாவது பாதி முதல் முக்கால் பங்கு வெளிச்சத்தைத் தின்றுவிடும். மழைக்கால மரநிழலில் அது பெரிய இழப்பு.

அதனால் நான் பெரும்பாலும் செய்வது இதுதான்: ஒரு பெரிய கறுப்புக் குடை. செடிக்கு மேலே, கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடித்தால் இலை இப்போது வானத்துக்குப் பதிலாகக் குடையின் கறுப்பைப் பிரதிபலிக்கும். வெள்ளை போய்விடும். அதே குடை காற்று வரும் பக்கம் சாய்ந்தால் பூ ஆடுவதும் குறையும். கேமராவும் நனையாது. கூட ஒரு பிள்ளையைக் கூட்டிப் போய்க் குடை பிடிக்கச் சொல்லுங்கள், கற்றுக்கொள்ளவும் செய்யும்.

அப்புறம், கேமராவில் இருக்கும் ஃப்ளாஷை மழையில் போடவே போடாதீர்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் விழும் துளிகளெல்லாம் வெள்ளைப் பொட்டுகளாகப் பதிந்துவிடும்.

சாரல்வழி

கறுப்புக் குடை யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி ஐயா. வீட்டில் அப்பாவின் பழைய குடை இருக்கிறது. அந்த வெள்ளைக் கோடுகளுக்கு என்ன செய்வது?

மலையடிவாரம்

அது ஷட்டர் வேகம், அதாவது கேமராவின் திரை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. கணக்குப் போட்டால் எளிதில் புரியும். பெருமழையின் பெரிய துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/60 நொடி ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் 15 சென்டிமீட்டர் இறங்கிவிடும். உங்கள் படத்தின் அகலமே ஏழெட்டு சென்டிமீட்டர்தான். ஆக மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு.

உங்கள் ஊர்ச் சாரல் அப்படி இல்லை. அரை மில்லிமீட்டர் துளி நொடிக்கு 2 மீட்டர் அளவில்தான் இறங்கும். அதே 1/60-இல் மூன்று சென்டிமீட்டர் சொச்சம் கோடு விழும். 1/500 வைத்தால் 4 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தொந்தரவு இல்லை. ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 1600 வரை தயங்காமல் ஏற்றுங்கள். பழைய கேமராவில் கொஞ்சம் மணல் தூவிய மாதிரி தெரியும். தெரியட்டும். கலங்கிய பூவைவிட அது மேல்.

கோடு வேண்டும் என்றே எடுப்பதும் உண்டு. காற்று சுத்தமாக நின்ற நேரத்தில், பின்னால் இருட்டான மரத்தண்டோ பாறையோ இருந்தால், 1/30 வையுங்கள். கேமராவைக் கல்மேல் வைத்து எடுங்கள். பூ அசையாமல் நிற்க, சாரல் இழை இழையாக இறங்குவது தெரியும். பின்னணி வெளிறிய வானமாக இருந்தால் மழையே தெரியாது. மழை தெரிய இருட்டு வேண்டும்.

கண்ணாடித்துளி (கோயம்புத்தூர்)

கேமரா, லென்ஸ் பழுது பார்ப்பது என் தொழில். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் என் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஆசையால் வருவதுதான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கொடுத்த கேமராவும் அந்த லென்ஸும் மழை தாங்கக்கூடியவை அல்ல. லென்ஸ் பொருந்தும் வளையத்தில் ரப்பர் கிடையாது. அந்த இடுக்கில்தான் நீர் முதலில் இறங்கும். ஒரு தடித்த பிளாஸ்டிக் பையின் அடியில் ஓட்டை போட்டு, லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூட் என்ற மறைப்பு வளையம் அதில் நீட்டிக்கொண்டிருக்கும்படி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். கை கீழ்ப்பக்கம் வழியாக உள்ளே போகட்டும். கடையில் கிடைக்கும் மழை உறையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஹூட் கட்டாயம் வேண்டும். அது இருந்தால் லென்ஸின் முகத்தில் துளி விழுவது பெருமளவு குறையும்.

மழையைவிட அதிகம் கெடுப்பது ஈரக்காற்று. குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவை நேராக வெளியே எடுத்தால், ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு உள்ளும் புறமும் பனி படியும். வெளியே படிந்ததைத் துடைக்கலாம், உள்ளே படிந்ததை என்ன செய்வது? மூடிய பையிலேயே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். மழையில் லென்ஸ் மாற்றவே கூடாது. ஜூம் வளையத்தை அடிக்கடி திருப்பாதீர்கள். லென்ஸ் நீண்டு சுருங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பையோடு மூடி வைத்துவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வெளியே எடுத்துத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் உலர விடுங்கள். அதன் பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. ஈரத்தோடு இருட்டில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி கண்ணாடியில் கிளை விட்டுப் படரும். சீக்கிரம் கொண்டுவந்தால் துடைத்துவிடலாம், நாள்பட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

நனைந்தே போய்விட்டால்: உடனே அணைத்து, பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், அந்த மாவுத் தூசியை நான் நிறையத் துடைத்திருக்கிறேன். தலைமுடி உலர்த்தியும் வேண்டாம்.

நிழல்பேசி (சென்னை)

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்பது என் கேள்வி. மழை விட்ட பிறகோ, மேகமூட்டமான காலையிலோ போய், தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் எடுத்து இலைமேல் அடித்தால் அதே துளிகள் கிடைக்கும். வெளிச்சமும் அதே மென்மையான வெளிச்சம். கேமராவும் பிழைக்கும். மாடித்தோட்டத்தில் நான் அப்படித்தான் எடுக்கிறேன். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

விதைப்பை (பாளையங்கோட்டை)

நிழல்பேசி அண்ணா, எனக்குத் தெரியும். குறை சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியும். நான் தாவரவியல் படிக்கிறேன்.

தெளிப்பான் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சின்னச் சின்ன மணிகளை ஒட்டவைக்கும். மழை அப்படி இல்லை. ஒவ்வொரு செடியும் மழையைத் தன் விதத்தில் கையாளுகிறது. அரச இலையைப் பாருங்கள். நுனி வால் மாதிரி நீண்டிருக்கும், நீர் அதன் வழியே சொட்டிவிடும், இலை சீக்கிரம் உலரும். சேம்பு இலையில் துளி ஒட்டவே ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடும். பக்கத்திலேயே இருக்கும் வேறொரு இலை நீரைப் படலமாகப் பரப்பி வைத்துக்கொள்ளும். தொட்டாச்சிணுங்கி பெரிய துளி விழுந்ததும் மடங்கிவிடும், மழை நேரத்தில் அது வேறு செடி மாதிரியே இருக்கும். மழையில் எடுத்த படத்தில் இதெல்லாம் பதிவாகிறது. டீச்சர் சொன்ன "மழையோடு சேர்த்து" என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வெயில் காலப் படம் எதுவும் தராத தகவல் அது.

இன்னொன்று, அழுகண்ணி. ஈரமான மணற்பாங்கான இடங்களில், பாறை ஓரங்களில் தரையோடு சிவப்பாகப் படர்ந்திருக்கும் பூச்சி தின்னும் செடி. அதன் ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு பசைத்துளி உண்டு. மழைத்துளி உருண்டு விழும், பசைத்துளி நுனியிலேயே நிற்கும். இரண்டையும் ஒரே படத்தில் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதும் புரியும், அது அழுகை இல்லை என்பதும் புரியும். அதன்மேல் தண்ணீர் தெளித்து அழகுபடுத்தினால் எது எது என்றே தெரியாமல் போய்விடும்.

மாடித்தோட்டத்தில் தெளித்து எடுங்கள், யாருக்கும் நட்டமில்லை. காட்டுச்செடியில் தெளித்தால் படத்தின் கீழே அதை எழுதிவிடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிழல்பேசி

அரச இலை நுனியையும் சேம்பையும் நான் தினமும் பார்க்கிறேன். அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சென்னையில் இருப்பவனுக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.

வடமராட்சிக்காரன் (யாழ்ப்பாணம்)

நாங்களும் உங்களோடு சேர்ந்து காத்திருக்கிறோம் தம்பி. எங்கட பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். டீச்சர் கண்வலிக் கொடி என்று எழுதியதை நாங்கள் கார்த்திகைப்பூ என்போம். மழை தொடங்கிக் கிளுவை வேலியில் அது பூத்ததும் நான் கமராவோடு வெளிக்கிட்டுவிடுவேன்.

அந்தப் பூவைப் பற்றி நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எல்லாம் நிற்கும். வேறு வேறு பூவல்ல, ஒரே பூவின் வேறு வேறு நாட்கள். புதுப்பூவின் இதழ் பச்சையும் மஞ்சளும், நாள் போகப்போகச் சிவப்பு ஏறும். ஆகவே ஒரு பூவை மட்டும் எடுத்தால் பாதிக்கதைதான். கொடி முழுவதும் வருகிறமாதிரி ஒரு படம் கட்டாயம் எடுங்கோ.

பூ கீழ்நோக்கித் தொங்கும், இதழ்கள் மேல்நோக்கி மடங்கியிருக்கும். பூவின் நடுவில் சூற்பையிலிருந்து நீளும் சூல்தண்டு அடியில் செங்கோணமாக வளைந்து ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். இதை மேலிருந்து எடுத்தால் ஒன்றும் விளங்காது. குந்தியிருந்து, பூவின் மட்டத்துக்கு லென்ஸைக் கொண்டுவந்து, சூல்தண்டு பக்கவாட்டில் தெரிகிற திசையில் எடுக்க வேண்டும். இலை நுனி சுருண்டு வேலியைப் பற்றியிருப்பதையும் விடாதேயுங்கோ. கொடி ஏறுவதே அந்த நுனியால்தான்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஒன்றைச் சொல்லி வையுங்கோ: கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. தொட்டுப் பார்த்த கையை வாயில் வைக்கக் கூடாது.

சாரல்வழி

அண்ணை, நாட்களோடு நிறம் மாறுகிறது என்பது எனக்குத் தெரியாது. இரண்டு சாதி என்று நினைத்துப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லியும் விட்டேன். திங்கட்கிழமை வகுப்பில் திருத்திச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் அதன் விதைக்காகத் தோட்டம் போட்டு வளர்க்கும் ஊர்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

விதைப்பை

ஆமாம் டீச்சர், ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் மருந்துக்காகச் சாகுபடி செய்கிறார்கள். நம் மாநில மலரும் அதுதான். வேலியில் தானாக வருவதைக் கிழங்குக்காகத் தோண்டிவிடுவதும் நடக்கிறது, அதனால் உங்கள் பாதையில் இருப்பதைப் பதிவு செய்வது நல்ல வேலை.

அடையாளம் காண்பதற்கு என்று ஒரு வேண்டுகோள். அழகான ஒரு படம் போதாது. பூ நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டில் இலைகள் எதிரெதிரா மாறி மாறியா என்பது தெரிய ஒன்று, முழுச்செடி ஒன்று. காசித்தும்பை இனத்துக்குப் பக்கவாட்டுப் படம் இல்லாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பூவின் பின்னால் வால் மாதிரி ஒரு குழல் நீளும், தேன் இருப்பது அதில்தான். அதன் நீளமும் வளைவும்தான் பல இனங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் காசித்தும்பை இனங்கள் ஏராளம். தண்டே இல்லாமல், பாசி படர்ந்த ஈரப் பாறையிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டு மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகும் இனங்களும் அதில் உண்டு. உங்கள் பாறை இடுக்கில் இருப்பது எது என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.

கானாவாழைக்குக் காலை 8 மணிக்கே போய்விடுங்கள். நண்பகலுக்குள் பூ வாடிவிடும். அது மண்ணுக்கு அடியிலும் திறக்காத பூக்களை வைத்திருக்கிறது, அவற்றுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடந்து விதையாகிவிடும். அதைக் காட்ட மட்டும் ஒரே ஒரு செடியைப் பிடுங்கலாம், வயலில் களையாகக் கிடப்பதுதானே. மற்ற எதையும் பிடுங்க வேண்டாம்.

மலையடிவாரம்

பிடுங்குவது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இங்கே ஓர் ஈரப்பாறை. வருடா வருடம் ஆடி மாதம் அதில் பூக்கும். பத்துப் பேர் படம் எடுக்க வந்து முழங்கால் போட்டுப் படுத்த இடத்தில் பாசி பெயர்ந்துவிட்டது. மூன்று வருடமாகியும் அந்த இடம் மொட்டையாகத்தான் இருக்கிறது. அந்தப் பத்துப் பேரில் ஒருவன் நான். செடியை யாரும் தொடவில்லை. ஆனால் அது நின்ற தரையை நாங்கள் எடுத்துவிட்டோம். இப்போதெல்லாம் பாறையின் ஓரத்தில் நின்றே, எட்டும் அளவுக்கு எடுக்கிறேன். எட்டாவிட்டால் விட்டுவிடுகிறேன்.

குறுக்கே புல்லோ கிளையோ நின்றால் ஒடிக்காதீர்கள். ஒரு நூலால் மெதுவாக ஒதுக்கிக் கட்டி, எடுத்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

அரிய ஆர்க்கிட் கண்ணில் பட்டால் இடத்தை எங்கும் எழுதாதீர்கள். கண்ட உயிரினங்களைப் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை அதுவே மறைத்துவிடும். மற்றவற்றுக்கு நாமே மறைத்து வைக்கலாம், அதற்கு வசதி இருக்கிறது. புலனத்தில் (வாட்ஸ்அப்) பகிரும்போதுதான் ஆபத்து.

கடைசியாக, ஓடைக்குள் இறங்கிப் படம் எடுக்கும் வேலையே வேண்டாம் டீச்சர், பிள்ளைகளோடு என்றால் சத்தியமாக வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மேலே மலையில் பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது.

சாரல்வழி

அந்தப் பையனின் வயதுப் பிள்ளைகள்தான் எங்கள் ஊரில் தெருத்தெருவாக இருக்கிறார்கள். ஓடைப் பக்கம் போகவே மாட்டேன் ஐயா. சாலை, வேலி, வாய்க்காலின் மேல்கரை, அவ்வளவுதான்.

நிழல்பேசி

கைபேசியில் எடுப்பவர்களுக்கு என் பங்குக்கு ஒன்று. திரை நனைந்தால் தொடுதல் தறிகெட்டுவிடும், நாம் தொடாத இடமெல்லாம் அழுந்தும். ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான கைபேசிகளில் படம் எடுக்கும். மெல்லிய பருத்தித் துணி ஒன்றைச் சட்டையின் உள்பையில் வையுங்கள், வெளிப்பையில் வைத்தால் அதுவும் நனைந்துவிடும். கைபேசி லென்ஸில் ஒரு சின்னத் துளி இருந்தாலும் படம் முழுக்கப் புகை மூட்டம் போலாகிவிடும். நனைந்த கைபேசியை உடனே சார்ஜ் போட வேண்டாம்.

சாரல்வழி

ஒரு வாரம் கழித்து வருகிறேன். அப்பாவின் குடை, பிளாஸ்டிக் பை, 1/500, ஐஎஸ்ஓ 1600. போலரைசர் இன்னும் வாங்கவில்லை. குடை பிடித்தது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. முதல் நாள் 30 படம் எடுத்ததில் 20 தேறியது. மூன்று சீசனில் இப்படி நடந்ததே இல்லை.

குடையைச் சாய்த்ததும் இலையின் வெள்ளை மறைந்து நரம்பு நரம்பாகத் தெரிந்தபோது அந்தப் பிள்ளை "டீச்சர், இலைக்குள்ள ரோடு போட்டிருக்கு" என்றாள். அதன் பிறகு குடையைத் தரவே மாட்டேன் என்று அவளே வைத்துக்கொண்டாள்.

ஒரு படத்தில் கண்வலிப் பூ இதழின் ஓரத்தில் நின்ற துளிக்குள் பின்னால் இருந்த இன்னொரு பூ தலைகீழாகத் தெரிகிறது. தற்செயலாக விழுந்தது. மறுபடி எடுக்கப் பார்த்தேன், துளி தெளிவாக வருகிறது, உள்ளே இருக்கும் பூ கலங்கிவிடுகிறது.

மலையடிவாரம்

துளி ஒரு லென்ஸ். அதற்குள் தெரியும் உருவமும் துளியின் ஓரமும் ஒரே தூரத்தில் இருப்பதில்லை. ஃபோகஸை மேனுவலில் போட்டு, துளியின் விளிம்பைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் பூவைப் பார்த்து, உடம்பை ஒரு நெல் அளவு முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். லென்ஸின் திறப்பை எஃப் 8-இல் வையுங்கள். பத்து எடுத்தால் ஒன்று வரும்.

விதைப்பை

டீச்சர், 20 படமும் பார்த்தேன். பாறை இடுக்கில் இருக்கும் காசித்தும்பையை நேராக மட்டும் எடுத்திருக்கிறீர்கள். பக்கவாட்டில் ஒன்றும் இலையின் அடிப்பக்கம் ஒன்றும் கிடைக்குமா? பூ உதிரும் முன் எடுத்தால் என் ஆசிரியரிடம் காட்டிக் கேட்கிறேன்.

சாரல்வழி

இன்று மாலை வரும்போது பார்த்தேன், இரண்டு பூ இன்னும் இருக்கிறது, ஒரு மொட்டும் இருக்கிறது. நாளை காலை அரை மணி முன்னாலேயே கிளம்புகிறேன். குடைக்காரப் பிள்ளையையும் வாய்க்கால் பாலத்துக்கிட்ட நிற்கச் சொல்லியிருக்கிறேன்.